விளையாட்டு என்ற சொல் எங்கெல்லாம் போகிறது?

"இதென்ன, விளையாட்டே?" என்று நாம் ஒருவரைக் கேட்கும்போது விளையாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. காரியத்தின் பாரம் அவருக்கு விளங்கவில்லை என்று கோபிக்கிறோம். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னனான்" என்றால், சொன்னதை மனத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று பொருள். "எங்கட சனத்தின்ர உயிரோட விளையாடிப்போட்டாங்கள்" என்று 2009 இற்குப் பின்னர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே அதே சொல் ஒரு பெருங்கொடுமையைக் குறித்து நின்றது. அதைச் சொன்னவர்களே மாலையில், "பிள்ளை வெளியில விளையாடுது" என்றும் சொல்வார்கள்.

ஒரு சொல் இவ்வளவையும் எப்படித் தாங்குகிறது? இது தமிழின் இயல்பா, மொழிகளின் இயல்பா? இந்தக் கேள்வியோடு சில மொழிகளைத் தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஒல்லாந்துப் பேராசிரியர் ஒருவர்

இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஒல்லாந்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் யோஹான் ஹுய்சிங்கா. 1872 இல் பிறந்த இவர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1938 இல் வெளிவந்த 'ஹோமோ லூடென்ஸ்', அதாவது 'விளையாடும் மனிதன்', என்ற நூலில் ஒரு முழு அத்தியாயத்தை மொழிகளுக்கென்றே ஒதுக்கினார். விளையாட்டு பண்பாட்டுக்கு முந்தியது, விலங்குகளும் விளையாடுகின்றன என்பது அவர் தொடங்கும் இடம். அதன் முதல் அடையாளமாக அவர் வைப்பது சுதந்திரத்தை. கட்டளையிட்டு ஆட வைத்தால் அது விளையாட்டாக இருக்காது என்றார்.

இதை எழுதியவரின் கடைசி ஆண்டுகள் ஆக்கிரமிப்புக்குள் கழிந்தன. 1940 இல் நாசிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்ததும் லெய்டன் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1942 இல் ஹுய்சிங்கா பணயக் கைதியாகத் தடுத்துவைக்கப்பட்டார். விடுவிக்கப்பட்ட பின்னரும் தன் ஊருக்குத் திரும்ப அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. நாடு முழுமையாக விடுதலையாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1945 பெப்ரவரி முதலாம் திகதி, இடம்பெயர்ந்த நிலையிலேயே இறந்தார்.

அவரது மொழி அத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. 'விளையாட்டு' என்ற கருத்தை எந்த மக்களும் முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு சொல் உருவாக்கவில்லை. ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டது. அதனால் சில மொழிகளில் ஒரு சொல் எல்லாவற்றையும் மூடுகிறது. சிலவற்றில் இரண்டு மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

குழந்தையும் போட்டியும்

பண்டைய கிரேக்கர் விளையாட்டைப் 'பைடியா' என்றார்கள். 'பைஸ்' என்றால் குழந்தை. ஆகவே பைடியா என்பது குழந்தைக்குரியது. கல்விக்கான கிரேக்கச் சொல்லும் அதே 'பைஸ்' என்பதிலிருந்தே பிறந்தது. இரண்டையும் காதால் கேட்டால் வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் ஒலிம்பியாவில் நடந்த ஓட்டத்தையும் மல்யுத்தத்தையும் அவர்கள் பைடியா என்று சொல்லவில்லை. அது 'அகோன்', போட்டி. அந்தச் சொல்லிலிருந்து வந்த 'அகோனியா' முதலில் போட்டியின் தவிப்பைக் குறித்தது. பிறகு மனவேதனையைக் குறித்தது. வேதனையைக் குறிக்கும் 'அகனி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இதுதான்.

இலத்தீன் மொழி மறுபுறம் போனது. 'லூடஸ்' என்ற ஒரே சொல் பிள்ளைகளின் விளையாட்டுக்கும், அரங்கில் நடந்த பெருவிழாக்களுக்கும், ஆரம்பப் பள்ளிக்கும் பெயராக இருந்தது. கிளாடியேட்டர்களைக் கொலைக்குப் பழக்கிய கூடமும் 'லூடஸ்'தான். அங்கே பழகியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளும் போர்க்கைதிகளும்.

சீன மொழியில் 'வான்' என்பது விளையாடுவது, பொழுதுபோக்குவது, ஒரு பொருளைக் கையில் வைத்து ரசிப்பது. அதன் எழுத்தில் பச்சைமாணிக்கக் கல்லைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. போட்டியிடுவதற்கு வேறு சொற்கள் உண்டு.

நமக்கு அருகிலுள்ள சிங்களத்திலும் இந்தப் பிரிப்பைக் காணலாம். பிள்ளைகள் ஆடுவது 'செல்லம', மைதானத்தில் நடப்பது 'கிரீடாவ'. விளையாட்டுத்துறை அமைச்சு சிங்களத்தில் 'கிரீடா' அமைச்சு. தமிழில் பிள்ளை மண்ணில் கோடு கீறி ஆடுவதும் விளையாட்டு, அமைச்சர் கொடியேற்றித் தொடங்கிவைப்பதும் விளையாட்டு.

இடைவெளியும் பராமரிப்பும்

ஜப்பானிய 'அசோபி' என்பது விளையாட்டு. அதற்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. வாகனத்தின் ஸ்டியரிங்கைச் சற்றே அசைத்தாலும் சில்லு திரும்பாத அந்தச் சிறு தளர்வையும் 'அசோபி' என்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதற்குப் 'பிளே' என்றே பெயர். அந்தத் தளர்வு அறவே இல்லாவிட்டால் கையின் சிறு நடுக்கத்துக்கும் வண்டி திரும்பும். ஜேர்மன் மொழியில் 'ஷ்பீல்ராவும்', அதாவது விளையாடுவதற்கான இடம், என்ற சொல் ஒருவருக்கு இருக்கும் அசைவுரிமையைக் குறிக்கிறது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் விளையாட்டையும் இடைவெளியையும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன.

ஜப்பானிய மரியாதைப் பேச்சிலும் இந்தச் சொல் நுழைந்தது. உயர்ந்தோர் ஒன்றைச் செய்தார்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, செய்து விளையாடினார்கள் என்ற பொருள்படச் சொல்லும் வழக்கம் இருந்தது. பெரியவர்கள் எதையும் கட்டாயத்தால் செய்வதில்லை, தம் விருப்பத்தால் செய்கிறார்கள் என்பது அதன் உட்கிடை. விருப்பம் உயர்ந்தோரின் உரிமை என்ற எண்ணமும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலப் 'பிளே' என்ற சொல்லின் உறவு ஜேர்மன் மொழியில் 'ஃப்ளேகன்' என்று நிற்கிறது. அதன் பொருள் பராமரித்தல். நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கும் அந்தச் சொல்தான். ஒரே வேரிலிருந்து ஓர் ஊரில் விளையாட்டும் அடுத்த ஊரில் பராமரிப்பும் முளைத்தன.

வாள் வரை போன சொல்

அதே வேரின் பழைய ஆங்கில வடிவம் 'பிளெகா'. பழைய ஆங்கிலக் கவிதையில் 'வாள்விளையாட்டு', 'ஈட்டிவிளையாட்டு' என்று பொருள்படும் கூட்டுச்சொற்கள் உண்டு. அவை குறித்தது உண்மையான போரை.

எபிரேய மொழியில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சாமுவேலின் இரண்டாம் நூலில், கிபியோன் குளத்தருகே இரு படைகள் எதிரெதிரே இருக்கின்றன. இளைஞர் எழுந்து நம் முன்னே விளையாடட்டும் என்று தளபதி அப்னேர் சொல்ல, யோவாப் சம்மதிக்கிறான். பக்கத்துக்குப் பன்னிருவர் எழுகிறார்கள். ஒவ்வொருவனும் எதிரியின் தலையைப் பிடித்து விலாவில் வாளைப் பாய்ச்சுகிறான். இருபத்துநான்கு பேரும் ஒன்றாக விழுகிறார்கள். அன்று பெரும் போர் மூண்டது. அங்கே பயன்படும் வினைச்சொல் சிரித்தலையும் விளையாடுதலையும் குறிப்பது. அந்தச் சொல்லை எழுப்பியவர்கள் தளபதிகள். விழுந்தவர்கள் இளைஞர்கள்.

இன்னொரு இடம் ஆதியாகமத்தில் இருக்கிறது. ஆகாரின் மகன் இஸ்மவேல் செய்த ஏதோ ஒன்றைச் சாராள் காண்கிறாள். மூலத்தில் உள்ள சொல் சிரித்தல், விளையாடுதல், கேலிசெய்தல் மூன்றுக்கும் பொருந்தும். ஈசாக்கு என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, அவன் ஈசாக்கோடு விளையாடினான் என்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய விவிலியமோ 'பரியாசம்' என்கிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு தாயும் பிள்ளையும் அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். பிள்ளை விளையாடியதா, பரிகசித்ததா என்பதைப் பார்த்தவர் தீர்மானித்தார். அதன் விளைவு ஓர் இடம்பெயர்வு.

தமிழ் எங்கே கோடு போட்டது?

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் உரியியல், 'கெடவரல்', 'பண்ணை' என்ற இரண்டு சொற்களும் விளையாட்டைக் குறிக்கும் என்கிறது. சங்க இலக்கியத்தில் 'ஓரை', 'வண்டல்' என்ற சொற்கள் பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருகின்றன. இவை வழக்கொழிந்துவிட்டன. நம் வாயில் எஞ்சியிருப்பது 'ஆடு' என்ற வினை.

ஆடு என்பதன் அடிப்படை அசைவு. அது சேராத இடம் குறைவு. நீராடுகிறோம், உரையாடுகிறோம், கொண்டாடுகிறோம். மன்றாடுகிறோம், தள்ளாடுகிறோம், திண்டாடுகிறோம். போராடுகிறோம். விளையாட்டுக்கும் போராட்டத்துக்கும் பின்பாதி ஒன்றே. ஆகவே ஆங்கிலமும் எபிரேயமும் போன இடத்துக்குத் தமிழும் தன் வழியில் போயிருக்கிறது. ஆனால் எது எது என்று பிரித்துக்காட்டும் வேலையைத் தமிழ் முன்பாதியிடம் கொடுத்தது. 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலை எழுதிய தேவநேயப் பாவாணர், 'விளை' என்பதற்கு விருப்பம் என்று பொருள் கொண்டு, விரும்பி ஆடுவதே விளையாட்டு என்று விளக்கினார். ஹுய்சிங்கா தன் நூலில் முதல் அடையாளமாக வைத்த சுதந்திரம், இந்த விளக்கத்தின்படி தமிழில் சொல்லின் முதல் எழுத்திலேயே நிற்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மகிழ்ச்சி பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டைச் சொல்கிறது. அந்த மகிழ்ச்சிக்கு அது தரும் அடைமொழி, துன்பம் நீங்கியது என்பது. ஒருவரின் துன்பத்தில் நடப்பதை விளையாட்டென்று அழைப்பதற்கு எதிரான சாட்சியாகவே இதை நான் வாசிக்கிறேன்.

கடவுளின் செயலை விளையாட்டாகக் காணும் மரபும் நம்மிடம் ஆழமானது. வடமொழியில் அது 'லீலை'. மதுரைச் சிவனின் அறுபத்துநான்கு செயல்களும் திருவிளையாடல்கள். படைத்தலையும் காத்தலையும் அழித்தலையும் ஓயாத விளையாட்டாகக் கண்டு கம்பர் தன் காவியத்தைத் தொடங்கினார். தேவையாலோ நிர்ப்பந்தத்தாலோ இறைவன் எதையும் செய்வதில்லை என்பதே அந்தச் சிந்தனை. ஆனாலும் பிள்ளையைத் தேடி அலையும் ஒரு தாயிடம், "எல்லாம் அவன்ர விளையாட்டு" என்று ஆறுதல் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உடல் கூசும். அந்தச் சொல் ஆடுபவரின் பக்கத்திலிருந்து மட்டும் இனிக்கிறது.

பிள்ளைத்தமிழ் நூல்களில் 'சிற்றில்' என்று ஒரு பருவம் உண்டு. பெண்பிள்ளைகள் மணலில் சிறுவீடு கட்டியிருக்கிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதைக் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். விளையாட்டுத்தான். ஆனாலும் கட்டியவரின் குரலில் அதைப் பாடும் வழக்கத்தைத் தமிழ் வைத்திருக்கிறது.

எங்கள் மண்ணில்

யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பையொட்டிப் போர்த்தேங்காய் அடிப்பார்கள். தடித்த சிரட்டையுள்ள காயாகத் தேர்ந்து, ஒருவர் வைக்க மற்றவர் தன் காயால் அடிப்பார். உடைந்தது தோற்றது. பெயரில் போர் இருக்கிறது, போரில் உடைவது தேங்காய். கிளித்தட்டில் ஒரு கட்சி கோடுகளில் நின்று மறிக்கும். மறு கட்சி தொடுபடாமல் கடந்து போக வேண்டும். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றவர்களுக்கு மறிப்பு என்றால் என்னவென்று தெரியும். கிளித்தட்டின் கோட்டை மட்டும் ஆட்டம் முடிந்ததும் காலால் அழித்துவிடலாம்.

சண்டைக்காலத்தில் என் வயதுப் பிள்ளைகள் பனைமட்டையைத் துவக்காக்கி 'ஆமியும் இயக்கமும்' விளையாடினோம். சுடுபட்டவர் விழுந்து கிடந்து பத்து எண்ணிய பிறகு எழும்பலாம் என்பது எங்கள் சட்டம். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவர்கள் பார்த்தால் பேசுவார்கள். ஆனால் செத்தவர் எழும்பக்கூடிய ஒரே இடம் எங்களுக்கு அதுவாகத்தான் இருந்தது.

1989 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் அங்கீகரித்தது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்கிறது. 2013 இல் அந்தச் சமவாயத்துக்கான குழு வெளியிட்ட 17ஆம் இலக்கப் பொதுக் கருத்துரை, பிள்ளைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, கட்டாயமில்லாமல் செய்வதே விளையாட்டு என்று விளக்குகிறது. பாவாணர் 'விளை' என்பதில் கண்டதும் இதுவே.

நம் மொழியில் விளையாட்டுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஒரே சொல் என்பதால் ஒரு விடயம் எளிதில் மறைந்துபோகிறது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு உதவுகிறோம் என்று வருபவர்கள் பந்தும் சீருடையும் வெற்றிக்கிண்ணமும் கொண்டுவருகிறார்கள். அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பாடசாலை முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து வீட்டுப்பாடம் என்று போகும் நாளில், யாரும் நேரம் குறிக்காத ஒரு மணித்தியாலம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆடுவதற்குப் பழக்கலாம், பரிசும் கொடுக்கலாம். விருப்பம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். அது வருவதற்கு வேண்டிய நேரத்தையும் ஒரு துண்டு நிலத்தையும் விட்டுக்கொடுப்பது பெரியவர்களாகிய எங்கள் பங்கு.