கையெழுத்து முதலில், ஒப்புதல் பிறகு: 1975 அவசரநிலையும் நாடாளுமன்றமும்

அவசரநிலை என்றதும் இந்திரா காந்தி, மிசா, பத்திரிகைத் தணிக்கை என்று பேசுகிறோம். வலையபட்டியில் எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: அப்போது நாடாளுமன்றம் என்னதான் செய்தது?

1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஜூன் 25 இரவு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடி ஒப்புக்கொண்டது. அன்றைய 352ஆம் பிரிவு இதைத் தடுக்கவில்லை. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணம் சொன்னால் போதும். இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ஏற்றுவிட்டால், அதற்குப்பின் கெடு கிடையாது. 1962இல் சீனப் போரின்போது அறிவித்த அவசரநிலை 1968 ஜனவரி வரை நீண்டதும் அப்படித்தான்.

ஜூலை 21 அன்று நாடாளுமன்றம் கூடியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. மாநிலங்களவையில் 136க்கு 33, மக்களவையில் 336க்கு 59 என்று பிரகடனம் நிறைவேறியது. மக்களவையில் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பாபு ஜெகஜீவன் ராம்.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துரோகி என்று ஒற்றைச் சொல்லில் அவரைத் தள்ளிவிடவும் நாங்கள் தயாரில்லை. 1977 பிப்ரவரியில் பதவியைத் துறந்து, ஜனநாயகக் காங்கிரசைத் தொடங்கி, அந்தத் தேர்தலின் போக்கையே மாற்றியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அதற்குள் 19 மாதங்கள் போய்விட்டன. அந்த மாதங்களில், அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் உயிராகக் கருதிய 32ஆம் பிரிவின் கதவே சாத்தப்பட்டது. சிறையில் இருப்பவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்டவர் நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டுமே. நம்மவர் ஒருவர் அமைச்சரவையில் அமர்ந்திருப்பது வேறு. அந்த அமைச்சரவையைக் கேள்வி கேட்கும் விதி சட்டத்தில் இருப்பது வேறு.

அந்த விதி 1978இல், ஜனதா ஆட்சியின் 44ஆவது திருத்தத்தில் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' நீங்கி 'ஆயுதக் கிளர்ச்சி' ஆனது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திடலாம். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில் ஏற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால், 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். பிரகடனத்தை நீக்க அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை அவசரநிலையிலும் தடுக்க முடியாது.

ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்த உறுப்பினர் பதவி இழக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு ஒரே கட்சியிடமோ கூட்டணியிடமோ இருந்தால், பூட்டும் சாவியும் ஒரே கையில்தான்.

ஆகவே தோழர்களே, தனித் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் தண்ணீரும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: அப்படி ஒரு தீர்மானம் அவைக்கு வந்தால், கொறடா என்ன சொன்னாலும் எதிர்த்து வாக்களிப்பீர்களா?

ஜெய்பீம்.