ஏவலும் விளக்கமும்: மாணவர் படையின் துப்பாக்கிப் பயிற்சி வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

படைக்கலப் பயிற்சியின் வரலாறு தமிழாராய்ச்சிக்குரிய பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பயிற்சி என்பது பெரும்பாலும் சொல்லால் நிகழ்வது. ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டுச் செய்வர். கேட்ட சொல்லின் பொருளுணர்ந்து செய்தனரா, ஓசையளவில் அறிந்து செய்தனரா என்பது மொழி பயில்வார் கேட்டற்குரிய வினாவே. துப்பாக்கியைக் கையில் ஏந்தி நிற்கும் இளைஞர்திறத்து அவ்வினா உயிரோடு தொடர்புடையதும் ஆகின்றது.

கருவி மாறியபொழுதெல்லாம் கற்பிக்கும் முறையும் மாறிற்று. ஏவல் ஒன்றே போதுமாயிருந்த நிலை போய், விளக்கம் இன்றியமையாததாகிய நிலை வந்தது. இம்மாற்றத்தை வரலாற்று முறையில் நோக்கி, அதன்வழிப் பெறப்படும் உண்மை ஒன்றனை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

மஸ்கட் காலத்துக் கவாத்து

படைப்பயிற்சியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் கவாத்து என்னும் சொல் அரபு மூலத்தது. இந்துஸ்தானி வழியாக வந்தது. துப்பாக்கி என்னும் சொல்லோ துருக்கி மூலத்தது. பொருள் வந்த வழியே பெயரும் வந்தது என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

ஐரோப்பிய முறைக் கவாத்தின் ஆற்றல் தமிழகத்தில் வெளிப்பட்ட இடங்களுள் அடையாற்றங்கரை தலையாயது. 1746-ஆம் ஆண்டில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்மீது, ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனின் மகன் மாபூசுகான் பெரும்படையுடன் வந்தான். பாரதி என்னும் பிரெஞ்சுத் தரப்புப் படைத்தலைவனிடம் இருந்தது சிறுபடையே. அதிலும் பெரும்பகுதியினர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எனினும், அணிவகுத்து நின்று ஒருசேரச் சுடும் பயிற்சி பெற்ற அச்சிறுபடை வென்றது. 1748-இல் கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்சும் ஆங்கிலக் கும்பினியின் படையை இத்தகைய ஒழுங்கிற்குக் கொண்டுவரலாயினார்.

அக்காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு குழலினும் சற்றுச் சிறியது. ஆதலின் வெளியேறும்பொழுது நேர்வழி தப்பும். ஏறத்தாழ 100 கெசத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதனைக் குறிவைத்து வீழ்த்துதல் அரிது. பின்குறியும் அத்துப்பாக்கிக்கு இல்லை. தனி வீரனது குறித்திறனால் பெரும்பயன் இல்லாமையின், பலர் ஒருங்கே சுடுதலே போர்முறையாயிற்று. ஆங்கிலப் படையின் பழைய கவாத்தில், சுடுதற்குமுன் வழங்கிய ஏவல் 'குறி பார்' என்பதன்று; துப்பாக்கியை 'முன்னே நீட்டு' என்னும் பொருள்படுவதே ஆகும். இச்சொல்லாட்சி கருதத்தக்கது. குறிபார்த்தலை அக்கவாத்து வீரனிடம் எதிர்பார்க்கவில்லை. அவன் ஏவலைச் செவியுற்று ஏனையோரோடு ஒருங்கு இயங்கினால் அமையும். ஆங்கில ஏவற்சொற்களைப் பொருளறியாமலே தமிழரும் தெலுங்கரும் பழகிக்கொள்ள இயன்றமைக்கு இதுவே காரணம் எனலாம்.

ரைபிளும் ஹைத் பள்ளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை மாறிற்று. ரைபிளின் குழலுள் சுழல்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டினைச் சுழலச் செய்ய, சுழலும் குண்டு நிலைபெயராது நெடுந்தொலைவு செல்லும். பிரான்சு நாட்டு மினியே என்பார் அமைத்த குண்டு, குழலுள் எளிதில் இறங்கி, சுடும்பொழுது விரிந்து வரிகளைப் பற்றியது. இம்முறையில் அமைந்த 1853-ஆம் ஆண்டு என்பீல்டு ரைபிள் பல நூறு கெசத் தொலைவிலும் பயன்பட்டது.

கருவி திருந்தியவுடன் வீரனது அறியாமை வெளிப்பட்டது. தொலைவைத் தவறாக மதிப்பிட்டவன் சுட்ட குண்டு இலக்கின் தலைக்குமேலே போகும். அன்றி முன்னே மண்ணில் வீழும். இக்குறை நீக்க 1853-இல் இங்கிலாந்தின் கெண்டு மாவட்டத்து ஹைத் என்னும் கடற்கரை ஊரில் துப்பாக்கிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சார்லஸ் கிராபோர்டு ஹே என்னும் படையதிகாரி.

அப்பள்ளியின் கற்பிக்கும் முறை புதுமையானது. மாணவர் முதலில் தோட்டாவைத் தொடார். குண்டு செல்லும் வழி ஏன் வளைகின்றது, பின்குறியை ஏன் உயர்த்த வேண்டும் என்பன சொற்பொழிவுகளாக விளக்கப்பெறும். அடுத்துத் தாங்கியின்மேல் துப்பாக்கியை வைத்துக் குறிபார்க்கப் பழகுவர். பின்னர் நிற்றல், மண்டியிடுதல் ஆகிய நிலைகளையும் தொலைவு மதிப்பிடுதலையும் கற்பர். இவற்றுக்கெல்லாம் பின்னரே உண்மைக் குண்டு. விளக்கம் ஏவலுக்கு முன்னே நின்றது என்பதே இம்முறையின் சிறப்பு.

1857: விளக்கம் தவறிய இடம்

இப்புதுப் பயிற்சி இந்தியாவிற்கு வந்த வரலாறு துயரமானது. டம்டம், அம்பாலா, சியால்கோட்டு ஆகிய மூவிடங்களில் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. பல்வேறு படைப்பிரிவுகளினின்றும் சிப்பாய்கள் அங்கே அனுப்பப்பட்டனர். தோட்டாவின் தாள் முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்தல் அக்காலத்துக் கவாத்து. தாளில் பூசிய கொழுப்பு பசுவினது, பன்றியினது என்னும் செய்தி 1857 சனவரியில் டம்டமில் பரவிற்று. கொழுப்பு எத்தகையது என்னும் நேர்வினாவிற்கு ஐயமற விடையிறுக்க அதிகாரிகளால் இயலவில்லை. சிப்பாய்கள் தாமே நெய்ப்பொருள் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். பின்பு கடித்தலை விடுத்துக் கையாற் கிழிக்கலாம் என்று கவாத்தையே மாற்றினர். ஐயம் வேரூன்றியபின் இவை பயன்படவில்லை.

ஏப்பிரல் 24-இல் மீரத்துக் கவாத்து வெளியில் குதிரைப் படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்க்கு அன்று வழங்கப்பட்டவை புதிய என்பீல்டுத் தோட்டாக்கள் அல்ல. அவர்கள் நெடுநாள் கையாண்ட பழைய வகையினவே. பொருளின் தன்மையினும் அதனைப் பற்றிய நம்பிக்கையே அங்கு வலிதாயிருந்தது. மே 10-இல் கிளர்ச்சி வெடித்தது. அப்பெருங்கிளர்ச்சிக்கு நிலம், வரி, அரசுரிமை எனப் பல காரணங்கள் உள. தோட்டா ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. ஆயினும், கற்பார் வினாவிற்கு விடையளிக்கமாட்டாத ஏவல் எத்துணை வலுவற்றது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதின்று.

கல்லூரி மாணவர் படை

இருபதாம் நூற்றாண்டில் படைப்பயிற்சி கல்லூரிக்குள் புகுந்தது. 1917-இல் முதல் உலகப்போரின் தேவையால் பல்கலைக்கழகப் படைகள் தோன்றின. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை எனப் பெயர் பெற்றன. 1946-இல் இருதயநாத் குன்சுரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மாணவர் படை பிறந்தது. 1949-இல் பெண்கள் பிரிவும் தோன்றிற்று. 1962-ஆம் ஆண்டுச் சீனப்போருக்குப்பின், 1963-இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று.

சிப்பாய்க்கும் மாணவர்க்கும் வேறுபாடு ஒன்று உண்டு. சிப்பாய் நாள்தோறும் துப்பாக்கியோடு வாழ்பவன். பழக்கமே அவனுக்குக் காவல். மாணவர் வாரத்தில் சில மணிநேரம் மட்டுமே அதனைத் தொடுவர். குண்டு இட்டுச் சுடுவது ஆண்டில் சில நாளே. பழக்கம் தரும் காவல் இல்லாதவர்க்கு அறிவே காவலாதல் வேண்டும்.

காப்பும் குறியும் ஒன்றே

மாணவர் பயிலும் .22 ரைபிள் 25 கெசச் சுடுகளத்தில் வழங்குவது. இலக்கு அணிமையில் இருத்தலின் இதனை விளையாட்டுக் கருவியாக எண்ணுவாரும் உளர். ஆனால் அக்குண்டு தடுப்பாரின்றிச் செல்லின் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும். சுடுகளத்தின் பின்னே மண்மேடு எழுப்புவதும், துப்பாக்கியின் வாயை எப்பொழுதும் இலக்கின் திசையிலேயே வைக்கச் சொல்வதும் இது கருதியே.

துப்பாக்கியை வாங்கியவுடன் தாழினைப் பின்னிழுத்துக் குண்டறை வெறுமையாயுளதா எனக் கண்ணால் காண்டல், சுடும் வேளை வரும்வரை விசையில் விரல் வையாமை, ஏவல் வந்தபின்னரே தோட்டா இடுதல் ஆகியன காப்பு நெறிகள். முன்குறியின் நுனியைப் பின்குறியின் இடைவெளியில் நிறுத்தி இலக்கோடு ஒன்றுபடுத்தல், மூச்சினைச் சிறிது நிறுத்தல், விசையை வெடுக்கென இழாது மெல்ல அழுத்துதல் ஆகியன குறி நெறிகள். இவ்விரண்டும் வேறுபோலத் தோன்றினும் வேரால் ஒன்றே. விரலை அடக்கக் கற்றவரே விசையை மெல்ல அழுத்த வல்லார்.

தொடக்கத்தில் மாணவரை ஒரே புள்ளியைக் குறித்து ஐந்து குண்டுகள் சுடச் செய்வர். ஐந்தும் இலக்கின் நடுவை விட்டு விலகினும் ஓரிடத்தே நெருங்கி வீழ்ந்தால் அம்மாணவரைக் குறைகூறுதல் கூடாது. பிழை பெரும்பாலும் குறியமைப்பில் உளது, திருத்தலாம். ஐந்தும் சிதறி வீழ்ந்தால், அவற்றுள் ஒன்று நடுவில் பட்டிருப்பினும் அது தற்செயலே. இவ்வுண்மையை எந்த ஏவலாலும் உணர்த்தவியலாது. விளக்கியே உணர்த்தல் வேண்டும்.

நாம் மாணவராயிருந்த காலத்துக் கண்ட நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைவிற்கு வருகின்றது. சுடுகளத்தில் ஒரு மாணவர் விசையை அழுத்தினார், குண்டு வெடிக்கவில்லை. என் செய்வதெனக் கேட்க, படுத்திருந்தவாறே துப்பாக்கியோடு ஆசிரியர்பால் திரும்பினார். அருகில் படுத்திருந்த எங்கள் வரிசை முழுவதையும் அக்குழல் வாய் ஒருமுறை கடந்து சென்றது. ஆசிரியர் பாய்ந்து குழலைப் பற்றி இலக்கின் திசைக்குத் திருப்பினார், தீங்கு நேரவில்லை. அம்மாணவர் ஏவற்சொல் ஒன்றனையும் மீறியவரல்லர். அணிநடையில் எங்களுள் முதல்வர். மருந்து சிலபோது காலந்தாழ்த்துத் தீப்பற்றும். ஆதலின் வெடியாத துப்பாக்கியை இலக்கின் திசையிலேயே வைத்துச் சிறிதுநேரம் பொறுத்தல் வேண்டும் என்பது அவர்க்கு விளங்கும் மொழியில் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டது அவர்க்குப் புரியாத மொழியில். புரிந்ததாக அவர் தலையசைத்திருந்தார்.

ஏவல்மொழி பற்றிய வழக்கு

இந்திய விடுதலைக்குப்பின் மாணவர் படையின் ஏவற்சொற்கள் இந்தியில் அமைந்தன. 1968 சனவரி 23-இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபொழுது, சென்னை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், மாணவர் படையில் இந்தி ஏவற்சொற்களை நீக்கவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே ஏவல்மொழி வேண்டும் என்பார் ஒருபுறம். அது மொழித்திணிப்பு என்பார் மறுபுறம். வழக்கு உரிமை பற்றியதாகவே நடந்தது, அவ்வுரிமை பெரிதே. ஆயினும் அதனோடு ஒருங்கெண்ணத்தக்க மற்றொரு கூறும் உண்டு.

தமிழில் வினைப்பகுதியே ஏவலாய் நிற்கும். நில், எடு, விடு, நிறுத்து என்பன ஓசையிற் சுருங்கியும் பொருளிற் தெளிந்தும் அமைந்தவை. ஏவலுக்குத் தமிழ் தகுதியற்றது என்பார் கூற்று இதனால் மறுக்கப்படும். எனினும் அடையாற்றங்கரைச் சிப்பாய் காட்டியதுபோல, அயன்மொழி ஏவலையும் செவி பழகிக்கொள்ளும். பழகவியலாதது அயன்மொழி விளக்கம். பயிற்றுவிக்க வரும் படைவீரர் பல மாநிலத்தவர். அவர்தம் மொழி மாணவர்க்கு விளங்காதவிடத்து, ஏவல் மட்டும் எஞ்சி விளக்கம் உதிர்ந்துவிடுகின்றது.

முடிவுரை

மஸ்கட் காலத்தில் ஏவலே பயிற்சியாயிருந்தது. ரைபிள் வந்தபின் ஹைத் பள்ளி விளக்கத்தை முன்வைத்தது. நம்பத்தக்க விளக்கம் இல்லாதவிடத்து நேர்வதனை 1857 காட்டிற்று. மாணவர் படையில் விளக்கமே உயிர்க்காவல். ஆதலின், துப்பாக்கிக் காப்பு நெறிகளைக் காரணத்தோடு தெளிதமிழில் எழுதி மாணவர்தம் கையில் அளித்தலும், சுடுகளத்திற்குச் செல்லுமுன் அவற்றைத் தம் சொல்லால் திருப்பிச் சொல்லுமாறு அவர்களைக் கேட்டலும் செய்யத்தக்கன. அந்நூலை எழுதும் கடமை படைத்துறைக்கு மட்டும் உரியதன்று, தமிழ்த்துறைக்கும் உரியது. துப்பாக்கிக்குப் பெயர் அயலிடத்திருந்து வந்தது. அதனைத் தீங்கின்றிக் கையாளும் அறிவாவது நம் மொழியில் வழங்குமாறு செய்வோமாக.