பாஸ்டன் ஓட்டமும் தகுதிக் காலமும்

ஓர் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்வதற்கே வேறோர் ஓட்டத்தில் தேறிவர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகராகிய பாஸ்டனில், ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தின் விதி அது. வங்கியிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் மக்கள், உலகின் பல பாகங்களிலும் விடியுமுன் எழுந்து மாதக்கணக்கில் பயின்று, 42.195 கிலோமீட்டர் தூரத்தை ஒரு குறித்த காலத்துக்குள் ஓடி முடிக்க முயல்கின்றனர். பரிசு பெறுவது அவர்கள் நோக்கமன்று. பாஸ்டனில் ஓடும் உரிமையைப் பெறுவதே நோக்கம். இவ்விதி எவ்வாறு தோன்றிற்று, யாரை விலக்கிற்று, யாருக்கு வழிவிட்டது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம், 'தகுதி' என்னும் சொல்லை விண்ணப்பத் தாள்களில் எத்தனையோ முறை எதிர்கொண்டவர்கள். ஆதலின் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விளையாட்டுக்களில் முதன்முதலாக மாரத்தான் ஓட்டம் இடம் பெற்றது. அவ்விழாவிற்கு வீரர்களை அனுப்பிய சங்கங்களுள் 1887-இல் நிறுவப்பட்ட பாஸ்டன் தடகளச் சங்கமும் ஒன்று. அவ்வீரர்கள் கண்டு வந்த புதுமையைத் தங்கள் ஊரிலும் நடத்த அச்சங்கத்தார் விரும்பினர். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்ட நாளை நினைவுகூரும் விடுமுறையாகிய ஏப்ரல் 19-ஆம் நாளை அதற்கெனத் தேர்ந்தனர். 1897-ஆம் ஆண்டு அந்நாளில் ஆஷ்லாண்டு என்னும் சிற்றூரில் பதினைந்து பேர் கூடினர். ஏதென்சில் இரு பந்தயங்களில் வெற்றி கண்ட தாமஸ் பர்க் என்பவர் மண்சாலையில் காலால் ஒரு கோடு கிழித்து, ஓடுமாறு குரல் கொடுத்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மட் 2 மணி 55 நிமிடம் 10 விநாடியில் முதலாவதாக வந்தார்.

அன்று ஓடிய தூரம் ஏறத்தாழ இருபத்து நாலரை மைல்தான். 1908-இல் லண்டன் ஒலிம்பிக் ஓட்டத்திற்கு வகுத்த 26 மைல் 385 கஜம் என்னும் அளவு, 1921-இல் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. அதற்கிணங்க 1924-இல் பாஸ்டன் ஓட்டத்தின் தொடக்கம் ஆஷ்லாண்டிலிருந்து ஹாப்கின்டனுக்கு மாற்றப்பட்டது. ஓரூரில் ஓடியவரையும் வேற்றூரில் ஓடியவரையும் ஒரே கோலால் அளக்க வேண்டுமாயின், முதலில் தூரம் ஒன்றாதல் வேண்டும் அல்லவா?

நெடுங்காலம் வரை இவ்வோட்டத்திற்குத் தகுதி என ஒன்று வேண்டப்படவில்லை. ஓட வருவோர் தொகையே சிறிது. அவர்களும் பெரும்பாலும் உழைத்துண்ணும் மக்கள். 1911 முதல் 1930 வரையுள்ள காலத்தில் ஏழு முறை வென்ற கிளாரன்ஸ் டிமார் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தவர். வெற்றி பெற்றவருக்குப் பணப் பரிசு வழங்கும் வழக்கம் 1986-இல்தான் வந்தது. ஆண்மகன் ஒருவன் ஓட விரும்பினால் அவனை யாரும் தடுத்திலர்.

பெண்மகள் ஒருத்தி விரும்பினால் நிலைமை வேறு. 1966-இல் ராபர்ட்டா கிப் என்னும் இளம்பெண் ஓட்டத்தில் சேர விண்ணப்பித்தார். இவ்வளவு தூரம் ஓடும் ஆற்றல் பெண்ணுடலுக்கு இல்லை என்று காரணம் காட்டி அதிகாரிகள் மறுத்து எழுதினர். அவர் ஹாப்கின்டனுக்குச் சென்று, தொடக்கக் கோட்டிற்கு அருகே புதர் மறைவில் காத்திருந்தார். ஓடுவோரில் பாதிப்பேர் கடந்த பின் அவர்களோடு கலந்துகொண்டார். உடன் ஓடிய ஆடவர்கள் அவர் பெண் என்பதை அறிந்தும் தடுக்கவில்லை, ஊக்கமே அளித்தனர். ஏறத்தாழ 3 மணி 21 நிமிடத்தில், ஆடவருள் பெரும்பகுதியினரை முந்தி, அவர் எல்லையை அடைந்தார். மாநில ஆளுநர் கைகுலுக்கிப் பாராட்டினார். ஆயினும் அன்றைய முடிவுப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் என்னும் மாணவி, 'கே. வி. ஸ்விட்சர்' என்று கையொப்பமிட்டு விண்ணப்பித்து 261 என்ற எண்ணைப் பெற்றார். வழியில் அவரைக் கண்ட அதிகாரி ஜாக் செம்ப்பிள் ஓடிவந்து அவ்வெண்ணைப் பறிக்க முற்பட்டார். உடன் ஓடிய நண்பர் ஒருவர் அவரை இடித்துத் தள்ளவே, ஸ்விட்சர் தொடர்ந்து ஓடி முடித்தார். அக்காட்சியின் நிழற்படங்கள் உலகெங்கும் பரவின. செம்ப்பிள் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். தாமும் பலமுறை இவ்வோட்டத்தை ஓடியவர். அதன்பால் ஆழ்ந்த பற்றுடையவர். தாம் காக்க வேண்டியது ஓட்டத்தின் பெருமை என்று அவர் கருதினார். யாரிடமிருந்து காப்பது என்பதில்தான் பிழைபட்டார்.

இதற்கிடையே ஓடுவோர் தொகை பெருகிற்று. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில நூறாக இருந்த தொகை 1969-இல் ஆயிரத்தைக் கடந்தது. குறுகிய சாலைகளும் சிறு சங்கமும் அக்கூட்டத்தைத் தாங்க இயலாத நிலை ஏற்பட்டது. எனவே 1970-இல் விண்ணப்பத் தாளில் ஒரு புதிய விதி சேர்ந்தது: நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்குமளவு பயின்றவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அடுத்த ஆண்டே அது 3 மணி 30 நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

கூட்டத்தைக் குறைக்க எழுந்த இவ்விதியில் ஒரு நன்மையும் உடன் பிறந்தது. ஆற்றல் உண்டா இல்லையா என்பதைக் கடிகாரம் சொல்லும் என்று ஏற்றுக்கொண்ட பின், உடலமைப்பைக் காரணங் காட்டுவது எங்ஙனம்? 1972-இல் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கெனச் சலுகை எதுவுமில்லை. ஆடவருக்குரிய 3 மணி 30 நிமிடமே அவர்களுக்கும் விதிக்கப்பட்டது. எட்டுப் பெண்கள் புறப்பட்டனர். எண்மரும் ஓடி முடித்தனர். முதலில் வந்த நீனா குசிக் எடுத்துக்கொண்ட காலம் 3 மணி 10 நிமிடம் 26 விநாடி. 1973-இல் தொடக்கக் கோட்டருகே செம்ப்பிளும் ஸ்விட்சரும் நட்புடன் நின்றதைப் படம் பிடித்தனர். ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் இடம் பெற 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிப் பெற்ற வெற்றியைப் பாஸ்டன் சங்கம் முறைப்படி ஒப்புக்கொண்டது 1996-இல், அதாவது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்.

அதன்பின் அளவுகோல் பலமுறை மாற்றப்பட்டது. 1977-இல் இளம் ஆடவருக்கு 3 மணி, பெண்களுக்கும் நாற்பது வயதைக் கடந்த ஆடவருக்கும் 3 மணி 30 நிமிடம் என வகுத்தனர். 1980-இல் இளம் ஆடவர் 2 மணி 50 நிமிடத்துக்குள் ஓட வேண்டியதாயிற்று. பின்னர் 1990-இல் அது 3 மணி 10 நிமிடமாகத் தளர்ந்தது. வயதுக்கேற்ற படிகளும் அமைந்தன. அறுபது வயதினர் இருபது வயதினரோடு போட்டியிட வேண்டுவதில்லை. தம் வயதினருக்குரிய காலத்தோடு போட்டியிட்டால் போதும்.

இக்காலங்கள் ஏட்டில் எளியனவாகத் தோன்றலாம். மூன்று மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 4 நிமிடம் 16 விநாடி வீதம் இடையறாது ஓட வேண்டும். ஏறத்தாழ முப்பதாவது கிலோமீட்டர் அளவில் உடலில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து தீரத் தொடங்கும். தொடக்கத்தில் உற்சாகத்தால் விரைந்தவர் அங்கேதான் தளர்வர். இறுதிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி கூடினாலும் ஒரு நிமிடம் போயிற்று. அதனோடு ஓராண்டு உழைப்பும் போயிற்று.

ஓடும் பாதையும் நம்பத் தக்கதாக இருத்தல் வேண்டும். இதற்கெனச் சைக்கிள் சக்கரத்தில் சுற்றுக்களை எண்ணும் சிறு கருவியைப் பொருத்தி, அறிந்த நீளமொன்றில் ஓட்டிச் சரிபார்த்து, பின் பாதை முழுவதையும் அளக்கின்றனர். குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியே வைப்பர். இவ்வாறு சான்று பெற்ற பாதை எந்நாட்டில் இருப்பினும் அங்கு ஓடிய காலம் பாஸ்டனில் செல்லும். மும்பையில் 2004-இல் தொடங்கிய மாரத்தானிலும் அந்த எண்ணத்தோடு ஓடுவோர் உண்டு. கடற்கரைச் சாலையில் ஓடும் எழுத்தர் ஒருவரின் மூன்று மணி நேரமும், பாஸ்டன் நகரத்தார் ஒருவரின் மூன்று மணி நேரமும் அங்கே ஒன்றே.

அண்மைக் காலத்தில் புதியதொரு சிக்கல் எழுந்துள்ளது. 2011-ஆம் ஆண்டு ஓட்டத்திற்குரிய இடங்கள் பதிவு தொடங்கிய எட்டு மணி நேர அளவில் தீர்ந்துவிட்டன. தகுதி பெற்றிருந்தும் பலர் இடமின்றி நின்றனர். ஆகவே அடுத்த ஆண்டு முதல் விதித்த காலத்தினும் விரைந்து ஓடியவருக்கே முதலிடம் என்றாயிற்று. 2013-இல் எல்லைக் கோட்டருகே வெடிகுண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டத்தை முடிக்க இயலாது போயிற்று. அவர்களை மறு ஆண்டு மீண்டும் அழைத்தனர். ஓடுவோர் ஆர்வம் குன்றவில்லை, மிகுந்தே வந்தது. 2026-ஆம் ஆண்டு ஓட்டத்திற்கு இளம் ஆடவருக்கு 2 மணி 55 நிமிடமும், இளம் பெண்களுக்கு 3 மணி 25 நிமிடமும் விதிக்கப்பட்டன. அதனினும் 4 நிமிடம் 34 விநாடி குறைவாக ஓடியவர்களே இடம் பெற்றனர்.

அறக்கொடைக்குப் பணம் திரட்டித் தருவோர் தகுதிக் காலமின்றி ஓடும் வழியும் 1989 முதல் உண்டு. அதைக் குறை கூறுவாரும் உளர். அதனால் நோயாளிகளும் ஏழைகளும் பயன்பெறுதலை எடுத்துக் காட்டுவாரும் உளர். ஆயினும் தகுதிக் காலத்தின் மதிப்பு குன்றவில்லை. எட்டுவதற்கு அரிதாயினும், முயல்வதற்கு அது யாரையும் தடுப்பதில்லை என்பதே அம்மதிப்பின் காரணம்.

வேலிக்கும் அளவுகோலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. 1966-இல் கிப் எதிர்கொண்டது வேலி. எவ்வளவு விரைவாக ஓடினும் அதைக் கடந்திருக்க முடியாது. 1972-இல் எண்மர் எதிர்கொண்டது அளவுகோல்; கடினமானதே, ஆயினும் உழைப்புக்கு இணங்குவது. தகுதி கேட்கும் இடங்களிலெல்லாம் இவ்விரண்டில் எது நம்முன் நிற்கிறது என்று கேட்டறிதல் நம் கடமை. அளவுகோலாயின் பயில்வோம், வேலியாயின் அதனை அகற்றுமாறு வேண்டுவோம்.

2017-இல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கேத்ரின் ஸ்விட்சர் தம் எழுபதாம் வயதில் பாஸ்டனில் மீண்டும் ஓடினார். அவர் அணிந்திருந்த எண் 261. இம்முறை அவரை யாரும் தடுக்கவில்லை. 4 மணி 44 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதன்பின் அவ்வெண்ணை வேறெவருக்கும் வழங்குவதில்லை என்று சங்கத்தார் முடிவு செய்தனர்.