டான்சில் அறுவையும் வீட்டுப் பராமரிப்பும்

தொண்டையிலுள்ள டான்சில்களை அகற்றுவது புதிய சிகிச்சை அன்று. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ், விரலால் அவற்றைத் தோண்டி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். புண்ணைக் காடியால் கழுவி, இரத்தம் நிற்க மருந்து தடவச் சொன்னார்.

பிற்காலத்தில் மயக்க மருந்து வந்தது. ஆனால் வீடு திரும்பிய குழந்தையின் வலி? அதற்குப் பல ஆண்டுகள் கோடீன் கொடுத்தனர். கல்லீரல் கோடீனை மார்ஃபீனாக மாற்றுகிறது. சில குழந்தைகளின் உடலில் இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்து, சுவாசம் தளர்ந்து, உயிரே போனதுண்டு. எனவே 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவ்வறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதென எச்சரித்தது. இன்று பெரும்பாலும் பாரசிட்டமால் போன்றவை தரப்படுகின்றன.

தொண்டையில் வெண்படலம் கண்டால் அஞ்சாதீர்கள். அது சீழன்று, ஆறும் புண்ணின் பொருக்கு. காதும் வலிக்கலாம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே காரணம். அடிக்கடி நீர் பருகச் செய்யுங்கள். உலர்ந்த தொண்டை மேலும் வலிக்கும்.

பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாட்களுக்குள் இரத்தம் கசியலாம். வாயில் புது இரத்தம் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செல்சஸ் அஞ்சிய அந்த ஆபத்து இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.