சாரமும் அதன் உறுதியும்

கட்டடங்களின் வரலாற்றைப் பேசுவோர், அவற்றை எழுப்ப உதவிய சாரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வேலை முடிந்ததும் அவிழ்க்கப்படுவதே அதன் இயல்பு. ஆயினும் அதன்மீது நின்றவனின் உயிர் அதன் உறுதியையே நம்பியிருந்தது. அவ்வுறுதியை ஆராயும் பொறுப்பு யாருடையதாக இருந்து வந்துள்ளது என்பதை இன்று நோக்குவோம்.

1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமான உச்சிக்குக் கல்லேற்ற, நெடுந்தொலைவிலிருந்து சரிவுப் பாதை அமைத்தனர் என்றும், அது தொடங்கிய இடமே சாரப்பள்ளம் என்னும் ஊர் என்றும் கூறுவர். இது செவிவழிச் செய்தியே. எனினும் ஊர்ப்பெயரோடு சாரத்தை இணைத்து மக்கள் நினைவிற் கொண்டமை கருதத்தக்கது. வடக்கே, தாஜ்மகாலைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பயணி தாவர்னியே, மரம் கிடையாமையால் செங்கல்லாலேயே சாரம் எழுப்பினர் என்றும், கட்டடத்தினும் சாரத்திற்கே செலவு மிகுந்தது என்றும் குறிப்பிட்டார். அவருடைய நூல் 1676இல் வெளியாயிற்று.

மண்ணாலும் செங்கல்லாலும் ஆகிய சாரம் தன் கனத்தால் நிற்பது. மூங்கிலும் கம்பமும் கொண்ட சாரம் கட்டினால் நிற்பது. ஏழையின் குடிசைக்கும் எளிய வீட்டிற்கும் வாய்த்தது பின்னதே. தமிழில் சாரம் எனப்படுவது தெலுங்கில் பரஞ்சா, மராத்தியில் பராஞ்சி, வங்காளியில் பாரா. தில்லியில் கொத்தனார் ‘பல்லி’ கொண்டுவரச் சொன்னால் புதிதாய் வந்த தமிழர் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அங்கே அது கம்பத்தின் பெயர். பெயர் வேறாயினும் சோதனை ஒன்றே. மூங்கிலைத் தட்டி ஒலி கேட்பதும், முடிச்சை இழுத்துப் பார்ப்பதும், ஏறுமுன் அசைத்து நோக்குவதும் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

இவ்வறிவு எழுத்தில் ஏறியது பிற்காலத்திலேதான். ஏணியில் நின்று பாதுகாப்பாகச் செய்ய இயலாத வேலைக்குச் சாரம் வேண்டும் என்றும், அதனைத் தகுதியுடைய பொறுப்பாளரின் மேற்பார்வையிலேயே கட்டவும் பிரிக்கவும் வேண்டும் என்றும் 1937இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தம் கூறிற்று. 1966இல் இந்தியத் தர நிறுவனம் சாரங்களுக்கும் ஏணிகளுக்கும் பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் நிறைவேறிற்று.

ஆயின் அச்சட்டம் பத்துத் தொழிலாளரேனும் உள்ள நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பத்துப் பேருக்குக் குறைந்த கட்டட வேலையை விட்டுவிட்டது. சட்டங்களை மொழிபெயர்க்கும் நாம் ‘தகுதியுடைய பொறுப்பாளர்’ என்னும் தொடரைப் பலமுறை எழுதுகிறோம். இருவர் சேர்ந்து வெள்ளையடிக்கும் சிறு வீட்டில் அப்பொறுப்பாளர் யார்? வேலை கொடுக்கும் நாமே அல்லவா?

ஆதலின் நம் வீட்டில் சாரம் எழும்போது சிலவற்றை நாமே நோக்குதல் வேண்டும். கால்கள் இளகிய மண்ணில் அமிழாதவாறு அடியில் அகன்ற பலகை உண்டா? தளர்ந்த செங்கல் அடுக்கையோ எண்ணெய்ப் பீப்பாயையோ முட்டாக வைத்துள்ளனரா? மூங்கிலில் பிளவும், பூச்சி துளைத்த பொடியும் உண்டா? கம்பங்கள் சாய்ந்து மடங்காமல் குறுக்குக் கட்டைகள் உள்ளனவா? சாரம் நிலையான சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளதா? நிற்கும் பலகைகள் இடைவெளியின்றி இணைந்து, இரு முனையிலும் கட்டப்பட்டுள்ளனவா? விழாமல் தடுக்கக் கைப்பிடிக் கம்பு உண்டா? மின்கம்பி எட்டாத் தொலைவில் உள்ளதா? நேற்று உறுதியாயிருந்த கயிறு இரவு மழைக்குப்பின் நெகிழ்ந்திருக்கலாம். எனவே மழைக்கும் காற்றுக்கும் பின் மீண்டும் நோக்குக. ஒன்றில் ஐயம் எழுந்தாலும், அது தீரும்வரை எவரையும் ஏற்றலாகாது.

பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் உயர்ந்து நிற்கும் மாளிகைகள் பலவற்றின் சாரங்களில் தமிழ்த் தொழிலாளரும் நின்று உழைத்துள்ளனர். ஒருநாட் கூலிக்கு வந்தவர், ‘இக்கட்டு சரியில்லை, ஏறமாட்டேன்’ என்பாராயின், அதனைச் சோம்பல் என இகழாது, அறிவுரையாக ஏற்போம். மேலே நிற்பவரின் சொல்லுக்குக் கீழே நிற்பவர் செவிசாய்த்தலே சாரத்தின் முதல் உறுதி.