காணி மொழி: அகத்தியமலையின் இரண்டு சரிவுகளிலும்

காணி மொழி, தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்களின் தாய்மொழி. தென்திராவிடக் குடும்பத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மிக நெருங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரம், திருநெல்வேலி மாவட்டத்தின் பாபநாசம் மலை, கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டக் காடுகள் ஆகிய இடங்களில் பேசப்படுகிறது. ‘மலம்பாஷை’ என்ற பெயரும் இதற்கு உண்டு. தனி எழுத்து கிடையாது. தமிழ்நாட்டில் எழுத நேர்ந்தால் தமிழ் எழுத்து, கேரளத்தில் மலையாள எழுத்து.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து வடக்கே பேச்சிப்பாறைக்கு ஏறும் சாலையில் ரப்பர் தோட்டங்கள் அடர்ந்து வரும் இடத்தில் காணி நிலம் தொடங்குகிறது. மோதிரமலை, குற்றியாறு, தச்சமலை, தோட்டமலை, வெள்ளாம்பிமலை, ஆறுகாணி, பத்துகாணி என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தந்த அந்த நீர்த்தேக்கத்தின் மறுகரையில் இருக்கும் சில குடியிருப்புகளுக்கு இன்றும் தோணியில்தான் போய்வர வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் தண்ணீரைக் கடந்தாக வேண்டும் என்பது, மழைக்காலத்தில் இந்த நீர்ப்பரப்பைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதற்கெல்லாம் மேலே நிற்பது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். அதன் கிழக்குச் சரிவில் பொருநை எனும் தாமிரபரணி பிறக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இறங்குகின்றன. சற்றுத் தெற்கே கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியாகக் கடலுக்குப் போகின்றன. மலைத்தொடர் முழுவதும் 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. காணிகளுக்கு அகத்தியர் குருவும் தெய்வமும் ஆனவர். அந்தச் சிகரம் அவர்களுக்குக் கோவில்.

இந்த மலையில் ஒரே ஒரு பேச்சு மட்டும் கேட்பதில்லை. கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு, சிற்றாறு வட்டாரங்களில் 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பால் வெட்டுகிறவர்களில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர். அவர்களின் தோட்டத் தமிழ் ஒரு பக்கம், விளவங்கோட்டு மலையோரத் தமிழ் இன்னொரு பக்கம், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளம் வேறொரு பக்கம். குலசேகரம் சந்தையில் மிளகும் பாக்கும் விற்க வரும் காணி, கடைக்காரரிடம் ஊர்த் தமிழில் பேசுவார். நெய்யாறு பக்கம் கட்டிக்கொடுத்த மகளின் மாமனாரோடு மலையாளம் கலந்து பேசுவார். வீட்டுக்குள் வந்துவிட்டால் தன் மொழி. இப்படி மூன்று பேச்சை இடம் பார்த்து மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பள்ளிப் பதிவேட்டில் கிடைப்பது ஒரே ஒரு தாய்மொழிக் கட்டம்.

மொழியியலார் இதை எங்கே வைப்பது என்பது பழைய கேள்வி. தமிழும் மலையாளமும் பிரிந்த இடத்தை அடையாளம் காட்ட ஒரு எளிய சோதனை உண்டு. தமிழில் வினைமுற்று ஆளைக் காட்டும்: வந்தேன், வந்தான், வந்தார்கள். மலையாளத்தில் அந்த விகுதிகள் உதிர்ந்து, யார் வந்தாலும் ‘வந்நு’ என்று ஆகிவிட்டது. எழுத்துவழக்குக்கு இந்தச் சோதனை பொருந்தும். மலைப்பேச்சுகளுக்கு அப்படிக் கோடு போட முடியாது. பாடசாலைத் தமிழும் பாடசாலை மலையாளமும் தத்தம் வழியில் திருத்தம் பெற்றபோது, அந்தத் திருத்தம் எட்டாத காட்டில் வளர்ந்தவை இவை. ஆகவே காணி மொழியைத் ‘திரிந்த தமிழ்’ என்றோ ‘கலப்பு மலையாளம்’ என்றோ ஒதுக்குவது தவறு. இரண்டு பெரிய மொழிகளுக்கு நடுவே தன் போக்கில் நடந்த மூன்றாவது பேச்சு என்று கொள்வதே நியாயம்.

ஆனால் எழுதியவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1883-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் கொண்டுவந்த ஏழு தொகுதிகளிலும், எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937-இல் தொடங்கிய பழங்குடி நூல்வரிசையிலும் காணிகள் வருகிறார்கள். வேட்டை, மணவழக்கு, வழிபாடு பற்றியெல்லாம் விரிவாக எழுதியவர்கள் மொழியைச் சில வரிகளில் கடந்துவிட்டார்கள். ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய மாபெரும் இந்திய மொழியாய்வோ சென்னை மாகாணத்தையும் திருவிதாங்கூரையும் தொடவே இல்லை. வடக்கே இமயமலைச் சரிவில் சில நூறு பேர் பேசும் மொழிக்கும் அந்த ஆய்வில் இலக்கணக் குறிப்பு கிடைத்தது. அகத்தியமலைக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு தடை வந்தது. 1971 முதல், பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் தாய்மொழிகளை மக்கள்தொகைக் கணக்கு தனியே காட்டுவதில்லை. 2011 கணக்கில் பெயரோடு வந்த மொழிகள் 121. அதே காலத்தில் கணேஷ் தேவி தலைமையில் நடந்த இந்திய மக்கள் மொழிக் கணக்கெடுப்பு எண்ணியது 780. காணிக்காரர்கள் கேரளத்தில் இருபதாயிரத்துக்கு மேலும், தமிழ்நாட்டில் சில ஆயிரம் பேரும் உண்டு. அவர்களில் வீட்டில் மலைப்பேச்சு பேசுகிறவரும்கூடக் கணக்கெடுக்க வந்தவரிடம் தமிழ் என்றோ மலையாளம் என்றோ சொல்லிவிடுகிறார். பெரிய மொழியின் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது; சிறிய மொழியின் பெயர் பட்டியலுக்கு வராமலே போகிறது.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. மியான்மரின் கச்சின் மாநிலத்துக்கும் சீனாவின் யுன்னானுக்கும் இடையிலான மலைகளில் ஜைவா, லாவோவோ, லாச்சி என்று பர்மிய மொழிக் கிளையைச் சேர்ந்த சிறு மொழிகள் இருக்கின்றன. அவற்றைப் பேசுகிறவர்கள் மியான்மர் பக்கம் கச்சின் என்ற பெயரிலும், சீனப் பக்கம் ஜிங்போ என்ற பெயரிலும் அடங்கிவிடுகிறார்கள். இத்தனைக்கும் ஜிங்போ மொழி வேறு கிளை. அந்த மலையிலும் எல்லைக்கோடு ஒரே மக்களை இரண்டு அரசுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது.

இங்கே அந்தக் கோடு விழுந்த நாள் 1956 நவம்பர் 1. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ்பேசும் மக்கள் நீண்டகாலம் போராடிப் பெற்ற வெற்றி அது. அதில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் மலைமேலே அந்தக் கோடு சொந்தக்காரர்களுக்கு நடுவே போனது. பட்டியல் பழங்குடி என்ற உரிமைகூட இடம் பார்த்தே வந்தது. தமிழ்நாட்டுப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் மட்டும் இருந்தன; அம்பாசமுத்திரம் பின்னாளில்தான் சேர்ந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மயிலாறு, இஞ்சிக்குழி பக்கம் இருக்கும் காணிகள் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

காணிக் குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. ஆட்களைக் கூட்டிச் செய்தி சொல்பவர் விளிகாணி. மந்திரமும் மருந்தும் அறிந்தவர் பிலாத்தி. மூட்டில்லம், மேனில்லம் முதலான இல்லங்களில் எவை அண்ணன்தம்பி, எவை மச்சம்பி என்று பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள். ஈத்தலும் மூங்கிலும் கொண்டு வீடு கட்டினார்கள். யானைக்கு அஞ்சி மரக்கிளையில் ஏறுமாடம் போட்டார்கள். காட்டை வெட்டி எரித்து விதைத்த காலம் போய், இன்று மரச்சீனி, மிளகு, கமுகு, ரப்பர் என்று நிலைத்துவிட்டார்கள். எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஓடிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவைக் காப்பாற்றியது தங்கள் முன்னோர் என்பது அவர்களின் நம்பிக்கை. ஓணத்துக்கு முன்னால் தேனும் வாழைக்குலையும் மூங்கில் பொருட்களும் சுமந்து திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய்வரும் வழக்கம், மன்னராட்சி முடிந்த பின்னும் கேரளப் பக்கத்துக் காணிகளிடம் தொடர்கிறது.

இந்த மொழி முழு வீச்சோடு கேட்கும் இடம் சாற்றுப்பாட்டு. நோய் நீங்கவோ, குடிக்கு வந்த கேடு விலகவோ பிலாத்தி இரவில் உட்கார்ந்து பாடுவது இது. கையில் கொக்கரை. இரும்புத் தகட்டைக் குழாயாக வளைத்து, அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். ஒரு சங்கிலியில் சிறு இரும்புக் கம்பி தொங்கும். இடக்கையில் குழாயைப் பிடித்து, வலக்கைக் கம்பியால் அந்தப் பற்களில் மேலும் கீழும் உரசும்போது கரகரவென்று ஒரு தாளம் எழும். மேளத்தின் அதிர்வோ மணியின் கார்வையோ அதற்கு இல்லை. பாட்டின் மூச்சை வெட்டி வெட்டி நிறுத்தும் ஒலி அது. பிலாத்தி ஓர் அடி பாட, சுற்றி இருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மாடன், ஆயிரவல்லி, அகத்தியர் என்று தெய்வங்களை வரிசையாக அழைத்து, பொழுது விடியும்வரை நீளும். விளைச்சலுக்காகவும் குடி நலத்துக்காகவும் தெய்வங்களுக்குப் படைக்கும் கொடுதிச் சடங்கிலும் பாட்டு உண்டு.

அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்த சொற்கள் இத்தகைய பாட்டுகளில் தங்கிவிடும். தமிழ்நாட்டின் எந்த நாட்டார் பாட்டுக்கும் இது பொருந்தும். எழுத்தில்லாத மொழிக்கோ அந்தப் பாட்டுதான் நூலகம். அதைக் கற்க வருடக்கணக்கில் ஒரு பிலாத்தியின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். விடுதிப் பள்ளிக்குப் போய், பிறகு ரப்பர் வெட்டவோ கட்டட வேலைக்கோ போகும் இளைஞனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது.

மொழியோடு சேர்ந்து என்ன போகும் என்பதற்கு ஆரோக்கியப்பச்சையின் கதை நல்ல சான்று. 1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு தாவர ஆய்வுக்குழு அகத்தியமலை ஏறியது. நகரத்து ஆட்கள் களைத்து விழ, வழிகாட்டிகளாக வந்த காணிகள் சிறுகாய்களை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. குடிக்குள்ளேயே இருக்க வேண்டிய அறிவு என்று தயங்கினார்கள். பிறகு செடியைக் காட்டினார்கள். தாவரவியலில் அதன் பெயர் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ். பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் தந்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-இல் கேரளக் காணிகளின் நல அறக்கட்டளை பதிவாகி, 1999-இல் முதல் தொகையாக 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் அதன் கைக்கு வந்தது.

பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் இதைப் பாராட்டியது. பாராட்டுக்குரியதுதான். அந்தச் செடியைக் காட்டிய குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி ஆகியோரின் பெயர்களும் வரலாற்றில் பதிந்தன. ஆனாலும் பிலாத்திகள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். மருந்தறிவை விற்பது முறையல்ல என்பது அவர்கள் வாதம். காட்டிலிருந்து இலை எடுக்க வனத்துறை தடை சொன்னது. அறக்கட்டளையும் மாநில எல்லையோடு நின்றது: ஒரே மலை, ஒரே செடி, ஒரே குடி, ஆனால் பங்கு மேற்குச் சரிவுக்கு மட்டும்.

பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு காட்டில் வாழும் காணிப் பெண் லட்சுமிக்குட்டிக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை எழுத்தின் துணையின்றி நினைவிலிருந்தே செய்பவர், கவிதையும் கட்டுபவர். எந்தச் செடியை எப்போது பறிப்பது, எதோடு சேர்ப்பது என்ற விவரம் மொத்தமும் அவர் தலைமுறைக்குப் பேச்சு வழியாக வந்தது. தாவரவியலார் அந்தச் செடிகளுக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். அவற்றைப் பற்றிக் காணிகள் பேசும் வாக்கியங்களைப் பதிந்தவர்கள் மிகக் குறைவு.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளத்தையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. அரசு ஏட்டில் காணி மொழி தன் பெயரோடு இடம்பெற்றது பெரிய மாற்றம். வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே பயன். சொற்பட்டியல் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் மலையிறங்கினால் பாதிகூடக் கிடைக்காது. சாற்றுப்பாட்டை விடியவிடியப் பதிய வேண்டும். பிலாத்தியோடு காட்டுக்குள் நடந்து, செடியைக் கண்ட இடத்தில் அவர் சொல்வதைப் பதிய வேண்டும். பாட்டிமார் குழந்தைகளிடம் பேசுவதைப் பதிய வேண்டும். பேச்சிப்பாறையில் பதிந்ததை நெய்யாறிலும் பாபநாசத்திலும் பதிந்ததோடு ஒப்பிட்டால்தான் மொழியின் முழு உருவம் தெரியும். அதற்குத் தமிழ்நாடும் கேரளமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பதிந்த ஒலி மோதிரமலை, தச்சமலைப் பிள்ளைகள் படிக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் வந்து சேர வேண்டும்.