293,318,625,600

293,318,625,600 என்பது ஒரு மிகுபகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்ணையே மிகுபகு எண் என்கிறோம். இந்த எண்ணின் காரணிகள் 5,040. இராமானுஜன் கையால் கணக்கிட்டுத் தந்த பட்டியலில் விடுபட்டுப்போன எண் என்பது இதன் தனிச்சிறப்பு.

காரணிகள் கூடினால் என்ன பயன்? மலேசியாவின் கிந்தாப் பள்ளத்தாக்கில் வெள்ளீயம் நிறுத்த பழைய எடைக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். ஒரு பிக்குல் 100 காத்தி. ஒரு காத்தி 16 தாஹில். ஆக, ஒரு பிக்குலுக்கு 1,600 தாஹில். இதை நான்கு பேரும் ஐந்து பேரும் எட்டுப் பேரும் பின்னம் விழாமல் பங்கிடலாம். மூன்று பேர் பங்கிட்டால் ஒரு தாஹில் மிஞ்சிவிடும். 1,600க்கு 21 காரணிகள்தாம். வெறும் 80 தாஹில் கூட்டி 1,680 ஆக்கினால் காரணிகள் 40 ஆகிவிடுகின்றன. மூன்று, ஆறு, ஏழு பேருக்கும் பங்கு சரியாக விழும். 1,680 ஒரு மிகுபகு எண்.

பெரிய எண்ணுக்கு வருவோம். அதன் பகாக் காரணி வடிவம்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. அந்த 5,040உம் ஒரு மிகுபகு எண்ணே என்பது அழகான பொருத்தம். பகா எண்கள் ஏற ஏற அடுக்குகள் ஏறுவதில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. பின்னதற்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்று இராமானுஜன் நிறுவினார்.

இதைவிடச் சற்றே பெரிய மிகுபகு எண்ணான 321,253,732,800ஐ அருகில் வைத்தால் உள்ளே நடக்கும் பேரம் தெரியும். அதில் ஒரு 3உம் ஒரு 7உம் குறைந்து, புதிதாக 23 சேர்ந்திருக்கிறது. 21 போய் 23 வந்ததில் எண் கொஞ்சமே வளர்ந்தது. காரணிகளோ 5,376 ஆகிவிட்டன.

‘மிகுபகு எண்கள்’ குறித்த இராமானுஜனின் நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அதற்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின்வழிப் பட்டம் வழங்கியது. கழகத்தின் பண நெருக்கடியால் அச்சேறாமல் நின்ற பகுதி, கணிதவியலாளர்கள் நிக்கோலா, ரோபேன் ஆகியோரின் குறிப்புகளோடு 1997இல்தான் வெளிவந்தது.

கட்டுரைப் பட்டியலில் ஏறக்குறைய நூறு எண்கள் உள்ளன. ஒன்று தவறியது அந்த உழைப்பின் பெருமையைச் சிறிதும் குறைக்காது. பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள். அதை 23ஆல் வகுத்தால் மீதியின்றிக் கிடைப்பது, விடுபட்ட அதே 293,318,625,600.